தனிவழிச் சென்றாரும் தலைவாசல் காத்தாரும்

பிரிவைப் பேசுவதில் தமிழுக்கு நிகர் தமிழே என்பதை இலக்கியம் பயில்வோர் அறிவர். பிரிவு பாலைத் திணைக்கே உரிய பொருளாயினும், முல்லையின் இருத்தலும் நெய்தலின் இரங்கலும் அப்பிரிவின் பின்விளைவுகளே அன்றோ? கல்வியின் பொருட்டும், போரின் பொருட்டும், தூதின் பொருட்டும், பொருளீட்டும் பொருட்டும் பிரிந்து செல்வதைத் தொல்காப்பியர் வகுத்துரைத்தார். ஆனால் இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் மேற்கொள்ளத் தொடங்கியிருக்கும் ஒரு பிரிவு அவர் வகுத்த எவ்வகையிலும் அடங்குவதாக இல்லை. நடத்தல் ஒன்றே நோக்கமாக, துணை எவருமின்றி, நாட்கணக்கில் நடந்து செல்வதே அது. மலையேறுவோர் உளர், கடற்கரை வழியே ஊர் ஊராகச் செல்வோரும் உளர். 'எதற்காக?' என்று வினவினால் 'நடப்பதற்காக' என்பதே விடை.

இவ்விடையைக் கேட்டு நகைப்போரும் வெகுள்வோரும் நம் சமுதாயப் பெரியவர்களுள் பலர். நாமும் முதலில் நகைத்தவர்களே. சென்ற ஆண்டுத் தைத் திங்களில் நம் தமக்கையாரின் மகன், நாம் லாத்தா என்றழைக்கும் அம்மூதாட்டியின் கடைக்குட்டி, காரைக்காலிலிருந்து கன்னியாகுமரிவரை கடலோரமாகவே தனியே நடந்து செல்லப்போவதாக அறிவித்தபோது நம் நகைப்பு அடங்கிற்று. ஏறத்தாழ 450 கிலோமீட்டருக்குக் குறையாத வழி. நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டால் மூன்று வாரத்திற்கும் மேலான நடை. தமிழாசிரியர் என்பதால் நாம் நயமாகச் சொல்லித் தடுத்துவிடுவோம் என்று நம்பி லாத்தா நமக்கு ஆளனுப்பினார். நாம் போனோம், பேசினோம், தோற்றோம். பிள்ளை தன் வழியை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரணியம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, தூத்துக்குடி, காயல்பட்டினம் என அத்தாளில் ஊர்ப்பெயர்கள் வரிசையாய் நின்றன. படித்தபோது நமக்கே ஓர் ஈர்ப்பு உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? நம் முன்னோர் மரக்கலம் செலுத்திய கரை முழுவதும் அந்த ஒரு தாளில் அடங்கிக் கிடந்தது.

தனிவழி செல்லல் நம் ஊருக்குப் புதியதன்று. நாகூர்க் கந்தூரிக்குக் கால்நடையாக வந்த பக்கீர்கள் இவ்வூரைக் கடந்தே சென்றனர். ஆவணி பிறந்து வேளாங்கண்ணித் திருவிழா நெருங்கினால், காவியுடுத்து வடக்கிலிருந்து நடந்து வரும் மக்களை நம் கடைத்தெருவில் இன்றும் காணலாம். நாகூர் ஆண்டகை ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களே வடபுலத்து மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் பயின்று, நெடும்பயணங்களின் பின்னரே இக்கடற்கரையை வந்தடைந்தார்கள். இவ்வூருக்குப் பெருமை சேர்த்த காரைக்கால் அம்மையாரோ கயிலைக்குத் தனியே சென்றவர். அதுவும் தலையால் நடந்து சென்றவர் என்பது சேக்கிழார் வாக்கு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புனிதவதியாரைப் பாண்டிநாட்டில் வாழ்ந்த கணவனிடம் கொண்டுசேர்த்த சுற்றத்தார், அவர் பேயுருக் கொண்டதும் அஞ்சி வணங்கி அகன்றனர் என்பதோடு நூல் அவர்களை விட்டுவிடுகிறது. பெற்ற மகளை அவ்வாறு வழியனுப்பிய வீட்டில் அன்றிரவு விளக்கு ஏற்றப்பட்டதா என்பதைக் காப்பியம் கூறுவதில்லை. சென்றவரின் வரலாறே வரலாறாகிறது. இருந்தவரின் வரலாறு எழுதப்படுவதில்லை.

இக்குறையைச் சங்கச் சான்றோர் ஓரளவு நீக்கியுள்ளனர். தலைவனோடு மகள் உடன்போகிய பின் நற்றாய் இரங்குவதும், செவிலி சுரத்திடையே சென்று எதிர்ப்படுவோரை வினவுவதும் அகப்பாடல்களில் தனித் துறைகளாகவே அமைந்தன. கலித்தொகையின் பாலைக்கலியில் செவிலி வழிவரும் அந்தணரிடம் மகளைக் கண்டீரோ என்கிறாள். கண்டோம் என்று கூறும் அவர்கள், மலையிற் பிறந்த சந்தனம் மலைக்குப் பயன்படுவதில்லை. கடலிற் பிறந்த முத்து கடலுக்குப் பயன்படுவதில்லை. உன் மகளும் அத்தன்மையளே என்று ஆற்றுப்படுத்துகின்றனர். அழகிய விடைதான், நாமும் வகுப்பில் ஆண்டுதோறும் அதனை வியந்து கற்பித்திருக்கிறோம். ஆனால் லாத்தாவின் வீட்டு முற்றத்தில் அமர்ந்து அவ்விடையைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. முத்து பிறர்க்கு அணியாகும் என்பது மெய்யாயினும், அது கடலுக்குள் தொலைந்துபோகவில்லை என்ற உறுதியன்றோ முதலில் தாய்க்கு வேண்டும்? நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் விரிச்சி கேட்கச் செல்கின்றனர். யாரோ ஓர் ஆயர்மகள் கன்றை நோக்கி உன் தாய் வந்துவிடுவாள் என்று கூறிய சொல்லைத் தலைவியின் பொருட்டு நற்சொல்லாகக் கொண்டு மீள்கின்றனர். செய்தி கிட்டாத காலத்தில் கன்றுக்குட்டிக்குச் சொன்ன சொல்லும் செய்தியாயிற்று.

பிள்ளை புறப்பட்டான். தெருவில் வீடு வீடாகச் சென்று பயணம் சொல்லிக்கொண்டான். கடல் கடந்து சபர் போகிறவர்களின் வழக்கம் அது. முதல்நாள் நாகப்பட்டினம், மறுநாள் வேளாங்கண்ணி. பின்னர் கடற்கரைச் சிற்றூர்கள் வழியாக வேதாரணியம். ஒவ்வொரு நாளும் கைப்பேசியில் படம் வரும், குரல் வரும், வரைபடத்தில் அவன் நிற்குமிடம் ஒரு புள்ளியாகத் தெரியும். லாத்தா அப்புள்ளியைத் தொழுகை நேரம் ஐந்தோடும் சேர்த்து நாளொன்றுக்கு நூறுமுறை பார்த்தார்கள். வேதாரணியத்திற்கு மேற்கே கரை நேராக இல்லை. உப்பளங்களும், களிமண் சதுப்பும், முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகளும் நடையாளனை உள்நாட்டுச் சாலைக்குத் திருப்பிவிடும். குறுக்கு வழி என்று நம்பி உப்பளத்து வரப்பொன்றில் இறங்கிய பிள்ளையின் கைப்பேசி வாய்க்கால் நீரில் விழுந்தது. புள்ளி மறைந்தது.

அந்த ஓர் இரவையும் மறுநாள் முற்பகலையும் பற்றியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம் என்றாலும் தவறில்லை. லாத்தா தலைவாசலில் அமர்ந்தவர் எழவில்லை. கையில் தஸ்பீஹ், மடியில் கைப்பேசி. வீட்டுக்கு வந்த உறவினர் ஒவ்வொருவரும் ஒரு கருத்துக் கூறினர். பாம்பு என்றார் ஒருவர். கிழக்குக் கடற்கரைச் சாலையின் லாரி என்றார் மற்றொருவர். பெரியவர் ஒருவரோ, 'ஈமான் உள்ளவர் இப்படிக் கலங்கலாமா? தவக்குல் வையுங்கள்' என்று சற்றுக் கடிந்தே கூறினார். நாம் அவரிடம் அப்போது வாதிடவில்லை. ஆயினும் அச்சொல் நம்மை உறுத்திற்று, இன்றும் உறுத்துகிறது.

கலக்கம் ஈமானுக்கு முரணானதா? யஃகூப் நபி (அலை) அவர்கள் மகன் யூசுபின் பிரிவால் அழுதழுது கண் வெளுத்துப்போனார்கள் எனத் திருமறை கூறுகிறதே. அவர்களினும் மேலான நம்பிக்கையாளரா நாம்? பாலையில் விடப்பட்ட அன்னை ஹாஜரா (அலை) அவர்கள், இஃது இறைவனின் கட்டளையா என்று மட்டும் கேட்டறிந்து, ஆயின் அவன் எம்மைக் கைவிடமாட்டான் என்று உறுதி கொண்டார்கள். அவ்வுறுதி கொண்ட அதே அன்னைதாம் நீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழுமுறை ஓடினார்கள். அந்த ஓட்டத்தை நம்பிக்கைக் குறைவென்று எவரும் சொன்னதில்லை. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் அனைவரும் அந்த ஓட்டத்தையே இன்றளவும் பின்பற்றுகின்றனர். இவை இரண்டினும் நம் உள்ளத்தை மிகக் கவர்வது மூஸா நபி (அலை) அவர்களின் தாயார் வரலாறு. குழந்தையைப் பேழையில் இட்டு ஆற்றில் விடுமாறு பணித்த இறைவன், அதனை மீண்டும் உம்மிடமே சேர்ப்போம் என்று வாக்கும் அளித்தான். அதனினும் பெரிய உத்தரவாதம் எத்தாய்க்குக் கிடைத்திருக்கிறது? அவ்வாறிருந்தும் அத்தாயின் உள்ளம் வெறுமையாயிற்று என்றும், மகளை அழைத்துத் தம்பியைப் பின்தொடர்ந்து போ என்று அனுப்பினார் என்றும், அச்சிறுமி எவரும் அறியாவண்ணம் தொலைவில் நின்றே கவனித்தாள் என்றும் அல்கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படை என்ற நபிமொழியின் கருத்தும் இதுவே. ஆகவே தவக்குல் என்னும் சொல்லைத் தாய்மாரின் வாயை அடைக்கும் துணியாகப் பயன்படுத்தும் வழக்கத்தை நம் பெரியவர்கள் கைவிட வேண்டும் என்று பணிவோடும் அழுத்தத்தோடும் கூறுகிறோம்.

லாத்தாவும் பின்தொடர ஆளனுப்பினார்கள். வேதாரணியத்தை அடுத்த தோப்புத்துறையில் நம் மைத்துனர் வழியில் ஓர் உறவு. முத்துப்பேட்டையில் நம் பழைய மாணவர் ஒருவர். அதிராம்பட்டினத்தில் சம்பந்தி வீடு. பிள்ளை எழுதி வைத்த தாளிலிருந்த ஊர்கள் அனைத்திலும் நமக்கு வேண்டியவர் ஒருவராவது இருந்தனர். தோப்புத்துறைத் தேநீர்க்கடையில் அஸருக்குப் பின் அவனைக் கண்டதாகச் செய்தி கிடைத்தது. முத்துப்பேட்டையிலிருந்து இரு இளைஞர்கள் இருசக்கர வண்டியில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். முற்பகல் பதினொரு மணியளவில், சேறு படிந்த காலோடு சாலையோரம் நடந்து வந்துகொண்டிருந்தவனை எதிர்கொண்டனர். உப்பளத் தொழிலாளர் கொட்டகையில் அவர்கள் தந்த சோற்றை உண்டு நன்றாக உறங்கி எழுந்து வந்தவன் அவன்! அந்த இளைஞர்களின் கைப்பேசியில் தாயிடம் அவன் பேசிய முதற்சொல் நன்றியன்று. 'நான் என்ன பச்சைப் பிள்ளையா உம்மா? ஊரைக் கூட்டிவிட்டீர்களே' என்ற சினம்.

அச்சினத்தை நாம் முற்றும் குறைகூற மாட்டோம். ஒருவன் தன்னந்தனியே ஒரு வழியைக் கடந்து தன் கால்களின் வலிமையைத் தானே அறிய விரும்புவது இழிவான ஆசையன்று. ஓரிரவு செய்தி வராமைக்கே ஏழூர் ஜமாஅத்தும் எழுந்துவிடுமானால் அவன் எங்கே தனியே நடந்தான்? கேரளத்து மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த சிஹாப் சோட்டூர் 2022 ஜூன் 2 அன்று வீட்டைவிட்டு மக்கா நோக்கி நடக்கத் தொடங்கினார். 8,640 கிலோமீட்டர் என்று கணக்கிடப்பட்ட பயணம். பாகிஸ்தான் விசாவுக்காகப் பஞ்சாபில் பல மாதங்கள் காத்துக் கிடந்து, 2023 ஜூனில் புனித நகரை அடைந்தார். தனியொருவராய்ப் புறப்பட்ட அவரை வழியெல்லாம் பெருங்கூட்டம் சூழ்ந்துகொண்டதைப் படக்காட்சிகளில் கண்டோம். நாடே பார்த்துக்கொண்டிருந்த அந்நடையில் அவருக்குத் தனிமை வாய்த்த நாழிகைகள் எத்தனையோ! மக்காவை அடைந்தபின், ஹஜ்ஜுக்கு வரவிருந்த தம் தாயாரை எதிர்நோக்கியிருந்தார் என்று அப்போது செய்திகள் வந்தன. நடந்தவர் இருந்து காத்தார்; இருந்தவர் புறப்பட்டு வந்தார். அச்செய்தியே அப்பயணத்தில் நம்மை மிகவும் நெகிழ்வித்தது.

மறுபுறத்தையும் கூற வேண்டும். 2022 பிப்ரவரியில் பாலக்காட்டு மலம்புழாவை அடுத்த குன்றில் ஏறிய ஓர் இளைஞர், பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து ஓர் இடுக்கில் சிக்கினார். உணவும் நீருமின்றி 40 மணி நேரத்திற்கு மேல் அங்கே தங்கியிருந்து, இராணுவ வீரர்களால் மீட்கப்பட்டார். அவர் இருக்குமிடம் தெரிந்திருந்தது. கைப்பேசி சில நேரம் இயங்கிற்று. ஆதலால் உயிர் தப்பினார். கோவை வெள்ளியங்கிரி மலையில் ஆண்டுதோறும் ஏறுவோருள் மூச்சுத்திணறியும் நெஞ்சடைத்தும் இறந்தோர் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயிற் சிக்கி மாண்ட இளையோரை நாடு மறக்கவில்லை. அவர்கள் கூட்டமாகச் சென்றவர்கள், கூட்டமும் காக்கவில்லை. அதன் பின்னரே தமிழகத்தில் மலையேற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 தடங்கள் வழிகாட்டிகளோடு முறைப்படி திறக்கப்பட்டன. இரவில் தனித்துப் பயணம் செய்வதன் தீங்கைத் தாம் அறிந்தவாறு மக்கள் அறிந்தால் எவரும் அவ்வாறு செல்லார் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நம் மாணவச் செல்வங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பாலைவழிகளை நன்கறிந்த ஒரு வணிகரின் எச்சரிக்கையாகவும் அது அமைந்துள்ளது.

எனினும் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொன்று. பிள்ளை பத்திரமாக இருக்கும் செய்தி வந்தபின் லாத்தா மெல்லக் கூறினார்கள்: 'இவன் வாப்பா சபரில் இருந்தபோது கடிதம் வர இருபது நாளாகும். அப்போதெல்லாம் நான் இப்படித் துடித்ததில்லை.' மெய்தான். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இவ்வூரிலிருந்து சைகோனுக்குச் சென்றோர் பலர். கப்பல் கொண்டுவரும் கடிதத்திற்காக வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காத்திருந்த பெண்களின் வழித்தோன்றல்கள் நாம். அப்பெண்கள் கவலையற்றோர் அல்லர். ஆனால் செய்தி வராமை அன்று இயல்பு, வருவதே விருந்து. இன்று செய்தி வருவது இயல்பாகிவிட்டது. அதனால் அரைநாள் மௌனமே துர்ச்செய்தியாகிறது. கைப்பேசி கவலையைக் குறைக்கவந்த கருவி என்கின்றனர். நம் வீட்டில் அது கவலையை நாழிகைதோறும் அளந்து ஊற்றும் படியாகவே இருந்தது.

ஆதலால் முத்துப்பேட்டையிலேயே தாய்க்கும் மகனுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை எழுந்தது. நடுவராக நாம் இருந்தோம். வரைபடப் புள்ளியை அவன் அணைத்துவிடலாம். பகலில் தாய் அழைப்பதில்லை. மஃரிபுக்குமுன் அவன் தங்குமிடத்தின் பெயரை மட்டும் சொல்லியனுப்ப வேண்டும்; கைப்பேசி இல்லையேல் இரவல் வாங்கியேனும். அன்றிரவு சொல் வராவிடின் மறுநாள் பஜ்ருவரை எவரையும் எழுப்புவதில்லை; பஜ்ருக்குப் பின்னும் வராவிடின் யாரையும் எழுப்பலாம், அவன் கோபிக்கலாகாது. மாலையில் அவன் அனுப்பும் அந்த ஒரு சொல், அவன் பார்வையில் சிறிய தொல்லை. தாயின் பார்வையில் அஃது ஓர் அமானிதம். வழிச்செல்வோன் தன் உயிரை மட்டும் சுமந்து செல்வதில்லை. தலைவாசலில் இருப்பவரின் உறக்கத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறான். அவ்வுறக்கத்தை நாளுக்கொரு முறை திருப்பிக் கொடுப்பது அவன் கடமை.

இந்நிகழ்ச்சியை வகுப்பில் ஒருநாள் எடுத்துரைத்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்து, 'ஐயா, உங்கள் லாத்தாவுக்கு மகளாக இருந்து அவள் கேட்டிருந்தால்?' என்றார். வகுப்பு அமைதியாயிற்று. நம்மிடம் உடனடி விடை இல்லை. அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பதே உண்மை. நாமும் அனுப்பச் சொல்லியிருக்க மாட்டோம். துணையின்றிப் பெண்கள் நெடும்பயணம் செய்வதைப் பற்றிய மார்க்க விதிகளை உலமாக்கள் விரித்துரைப்பர். அதில் நாம் தலையிடோம். ஆனால் ஒரு பெண் ஹீராவிலிருந்து புறப்பட்டு, இறைவனையன்றி வேறெவருக்கும் அஞ்சாமல் கஅபாவை அடையும் காலம் வரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதிய்யு இப்னு ஹாதிம் (ரலி) அவர்களிடம் முன்னறிவித்ததையும், அதனைத் தம் வாழ்நாளிலேயே கண்டதாக அவர் உரைத்ததையும் புகாரியில் காண்கிறோம். பெண்ணொருத்தி அஞ்சாது செல்லும் சாலையே நல்லாட்சியின் அடையாளமாக அங்கே கூறப்பட்டது. நம் சாலைகள் அந்நிலையை அடையாமைக்கு அம்மாணவி பொறுப்பல்லர். வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அறிவுரை கூறுவதில் நாம் செலவிடும் நேரத்தில் நூறில் ஒரு பங்கைச் சாலையில் நிற்கும் நம் ஆண்பிள்ளைகளுக்குச் செலவிட்டோமா? இவ்வினாவைப் பெற்றோர் முன்னும் ஜமாஅத்தார் முன்னும் வைக்கிறோம். அம்மாணவிக்கு நாம் இன்னும் விடை கடன்பட்டிருக்கிறோம்.

பிள்ளையின் நடை கன்னியாகுமரியை அடையவில்லை. தூத்துக்குடியை நெருங்கியபோது பாதக் கொப்புளம் உடைந்து சீழ் கட்டிவிட்டது. மருத்துவர் நடக்கலாகாது என்றார். பேருந்தேறி வந்துவிட்டான். தொழுகைதோறும் அவன் நடையை நிறுத்தும்படி துஆச் செய்துகொண்டிருந்த லாத்தா, அவன் வீட்டுக்குள் நொண்டி நுழைந்ததும் காலைக் கழுவி மருந்திட்டார்கள். பிறகு அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, 'இன்னும் காயல்பட்டினம் பாக்கி இருக்கிறதே' என்றார்கள். எஞ்சிய வழியை வருகிற தையில் நடக்கப்போவதாக அவன் கூறுகிறான். சென்ற வாரம் அவனுக்குப் புதுக் காலணி வாங்கக் கடைத்தெருவுக்கு நம்மை உடன் அழைத்துச் சென்றவர் லாத்தாதாம். அரை அளவு பெரியதாகப் பார்த்து வாங்கினார்கள், நடக்க நடக்கக் கால் வீங்குமாம்.